பொருள்: பின்சுவர்க் கேமராவுக்கு மின் இணைப்பு

முப்பத்துநாலு வருஷ சர்க்கார் உத்தியோகத்தில் பாலசுப்ரமணியம் யாரிடமும் ஒரு தடவைகூட 'முடியாது' என்று சொன்னதில்லை. சொல்லத் தேவைப்பட்டதில்லை. அவர் ஒரு கேள்வி கேட்பார். பதில் வர இரண்டு மாதம் ஆகும். வந்த பதிலின் மேல் இன்னொரு கேள்வி கேட்பார். நாலாவது கேள்விக்குள் அனுமதி கேட்டு வந்தவருக்கே ஆசை விட்டுப்போகும், இல்லையென்றால் மாற்றலாகிப் போய்விடுவார். அரசுக் கட்டடங்களில் மின்சாரம் பத்திரமாக ஓடுகிறதா என்று பார்க்கும் பிரிவில் அவர் அதிகாரி. நேர்மையானவர், வேலை தெரிந்தவர், கை சுத்தம். ஆனால் அவருக்கு ஒரு காரியம் பிடிக்கவில்லையென்றால் அது கேள்வியிலேயே மூச்சடைத்துப் போய்விடும்.

ரிடையராகி ஏழு மாதம் கழித்து, நவம்பர் மாதத்துக் காலை ஒன்றில், பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அகல்யாவிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. மனைவி காந்திமதி அதைப் பிரித்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு கேமரா ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தது.

"இது என்னது?"

"கேமரா. பின்சுவர்ல மாட்டணுமாம். போன வாரம் பின்சந்துல ரெண்டு வீட்டுக் கார்ல பேட்டரியக் கழட்டிட்டுப் போயிட்டான்லா? அகல்யாட்ட சொன்னேன். ஒடனே அனுப்பிட்டா."

"பின்சுவர்லயா?"

"ஆமா. பின்கேட்டும் நம்ம காரும் நல்லாத் தெரியுத மாதிரி."

பாலசுப்ரமணியம் வாயருகே கொண்டுபோன காபியைக் கீழே வைத்தார். அந்தக் கணத்தில் மனசுக்குள் ஒரு சபதம் எடுத்தார். தன் உடம்பில் உயிர் இருக்கும்வரை அந்தக் கேமராவுக்கு ஒரு சொட்டு மின்சாரம் போகக்கூடாது.

காரணம் அந்தக் கார்.

லக்ஷ்மிபாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் வாங்கிய வெள்ளை மாருதி அது. ரிடையராகி மயூர் விஹாரில் இந்தத் தரைத்தள வீட்டுக்கு வந்தபோது அதற்கும் வயதாகிவிட்டிருந்தது. பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டி தில்லிச் சாலையில் ஓடக்கூடாது. ஆக, எஜமானும் வண்டியும் ஒரே வருஷத்தில் ரிடையர். பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே, தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிற உறை போர்த்திக்கொண்டு அது நின்றது. பேட்டரியை அவரே கழற்றி வைத்துவிட்டார். விற்கலாம் என்று காந்திமதி மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

டாக்டர் அவருக்குத் தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கச் சொல்லியிருந்தார். சர்க்கரை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்வெட்டர், மப்ளர், கான்வாஸ் ஷூ சகிதம் பாலசுப்ரமணியம் முன்வாசல் வழியாக இறங்குவார். வீட்டைச் சுற்றிப் பின்சந்துக்கு வருவார். பின்கேட்டைத் திறப்பார். உறையின் ஒரு ஓரத்தைத் தூக்கிக் குனிந்து உள்ளே போவார். கதவை மெல்லச் சாத்துவார். சீட்டைச் சாய்ப்பார். நாற்பது நிமிஷம். அப்புறம் அதே வழியாகத் திரும்பி முன்வாசலில் வந்து, ஹாலில் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்காருவார். காற்று மோசமான நாட்களில் மாஸ்க்கைக் கழற்றி மேஜையில் வைத்து, "இன்னைக்கு மூச்சே விட முடியல. இருந்தாலும் நாலு கிலோமீட்டர விடல" என்று தியாகி மாதிரி சொல்வார்.

சோம்பல் என்று நீங்கள் நினைக்கலாம். சோம்பலும் உண்டு. ஆனால் அது மட்டும் இல்லை. ஆபீஸில் அவருக்கு ஒரு அறை இருந்தது. கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார்கள். ரிடையரான அன்று சால்வை போட்டார்கள், ஒரு சூட்கேஸ் கொடுத்தார்கள், அறையை எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் மூன்று அறை இருந்தும் அவருடையது என்று ஒன்றும் இல்லை. எங்கே உட்கார்ந்தாலும் அங்கே பெருக்க வேண்டியிருந்தது. ஊரையே கேள்வி கேட்ட மனுஷனை இப்போது எல்லோரும் கேள்வி கேட்டார்கள். மாத்திரை போட்டாச்சா, பால் வந்துதா, யாரு போன்ல. அந்த நாற்பது நிமிஷம் உறைக்குள்ளே யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த வண்டி ஓடாவிட்டாலும் அவர் பெயரில் இருந்தது. அது போய்விட்டால் தனக்கு இந்த ஊரில் ஒதுங்க இடமில்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

இதை எப்படிப் பெண்டாட்டியிடம் சொல்வது? சொன்னால் நாலு கிலோமீட்டரும் சேர்ந்து வெளியே வரும். எனவே, கேள்வி.

முதல் வாரம் காந்திமதி கேமராவைப் பின்சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டாள். சமையலறை ஜன்னல் வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டை வெளியே இறக்கினாள்.

"ஏ காந்தி! கைய எடு!"

"என்னத்துக்கு இப்பிடிக் கத்துதீய?"

"இது வீட்டுக்குள்ள பொழங்குத போர்டு. வெளிய வைக்கப்படாது. பனி எறங்கினாலே உள்ள ஈரம் போயிரும். நீ ஜன்னலச் சாத்துவியா மாட்டியா?"

"சாத்துவேன்."

"சாத்துனா வயரு நசுங்கும். தெனம் நசுங்குன வயரு ஒரு நா கிழியும். கிழிஞ்சா ஜன்னக் கம்பியில கரண்டு. அந்தக் கம்பியப் பிடிச்சிக்கிட்டுத்தான நீ பால்காரன்கிட்ட கதை பேசுவ?"

காந்திமதி கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. அவருடைய சாமர்த்தியமே அதுதான். உண்மையை வைத்தே ஊரை நிறுத்திவிடுவார்.

இரண்டாவது வாரம் வெளிச்சுவரில் ஒரு ப்ளக் பாயிண்ட் வைக்கலாம் என்றாள்.

"வைக்கலாமே. யாரு வேண்டாம்னா? மழை புகாத பெட்டி வேணும்."

"வாங்கியாச்சு. இதோ."

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது.

"ப்ளக்கச் சொருகு. சொருகிட்டியா? இப்ப மூடியச் சாத்து."

"சாத்த முடியலயே."

"அதான் கேக்கேன். ப்ளக் இல்லாதப்ப மழை புகாம இருந்து என்ன பிரயோசனம்? ப்ளக் உள்ள இருக்கும்போதும் மூடி மூடணும். அப்பிடிப்பட்ட பெட்டி வேற."

வேறு பெட்டி வாங்க லக்ஷ்மி நகர் மார்க்கெட்டுக்குப் போய்வர நேரம் வாய்க்கப் பத்து நாள் ஆயிற்று. அது வந்ததும் ஆர்சிசிபி எங்கே என்று கேட்டார்.

"அது என்னது?"

"கரண்டு எங்கயாவது கசிஞ்சா, நீ ஐயோங்கதுக்கு முன்னால லைன அணைச்சிரும்."

"அதுதான் வாசல்கிட்ட போர்டுல இருக்கே. வீடு வாங்கினப்ப நீங்களே மாட்டச் சொன்னீய."

"அது வீட்டுக்கு. மழையிலயும் பனியிலயும் வெளிய கெடக்குத லைனுக்குத் தனியா ஒண்ணு வேண்டாமா? பொறவு, எர்த்து எத்தன ஓம் இருக்குன்னு அளந்து பாத்தியா?"

காந்திமதி கையிலிருந்த பெட்டியை மேஜையில் வைத்தாள். "அச்சா" என்றாள்.

அவள் திருநெல்வேலிக்காரி. முப்பது வருஷம் தில்லியில் இருந்தும் வீட்டுக்குள் ஊர்த் தமிழை விட்டதில்லை. ரொம்பக் கோபம் வந்தால் மட்டும் ஹிந்திக்குப் போய்விடுவாள். அந்த 'அச்சா'வைக் கேட்டதும் அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். ஆனாலும் டிசம்பர் பாதி ஓடிவிட்டது. காரில் அவர் சுகமாகத் தூங்கினார்.

அகல்யா போனில் வந்தாள். தில்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் வரும், வழியில் நாலு இடத்தில் தடுக்கும்.

"அப்பா, எதுக்கு இவ்ளோ ஜன்ஜட், தொல்லை? சோலார் பேனல் அனுப்பறேன்பா. வயரே வேண்டாம் இல்ல?"

"பின்சுவர் வடக்குப் பாத்தது கண்ணு. ஜனவரியில இங்க முன்பக்கமே சூரியன் வர யோசிக்காரு."

"அச்சா, பேட்டரி மாடல்?"

"பத்து நாளுக்கொருக்கா கழட்டிச் சார்ஜ் போடணும். யாரு ஏணியில ஏறுவா? அம்மாவா? எனக்கு இந்த முட்டியோட முடியுமா?"

"நாலு கிலோமீட்டர் நடக்கற முட்டிதானேப்பா அது?"

அவர் 'சிக்னல் சரியா இல்லை' என்று போனை வைத்தார்.

புதுவருஷம் பிறந்து மூன்றாம் நாள் மழை பெய்தது. தில்லியின் குளிர்கால மழை. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. காந்திமதி சூடாக இஞ்சி டீ போட்டுக்கொண்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். குரல் வெண்ணெயாக இருந்தது.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீயளே?"

"என்ன?"

"நான் படிக்காதவ மாதிரி ஒண்ணொண்ணா வாங்கியாறேன். நீங்க ஒண்ணொண்ணா தப்புச் சொல்லுதீய. தப்பு எம்பேர்லதான். மொத்தமும் எப்பிடி இருக்கணும்னு ஒரே காயிதத்துல எழுதிக் குடுத்துட்டீயன்னா…"

"எழுதணுமா?"

"உங்க ஆபீஸ் கோபாலன் சார் நம்ம வீட்டுக்கு வந்தப்ப சொன்னாருல்லா? பாலசுப்ரமணியம் எழுதின ரிப்போர்ட்டுல ஒரு கமா மாத்த முடியாதுன்னு. இப்பம்லாம் அப்பிடி எழுத ஆள் இருக்கா என்ன?"

ஆள் இல்லை என்று பாலசுப்ரமணியத்துக்கு அந்தரங்கமான நம்பிக்கை உண்டு. ஒன்பது மாதமாக யாரும் அவரை எதுவும் எழுதச் சொல்லவில்லை. பால் கணக்குகூட காந்திமதிதான் எழுதினாள். அவர் எழுந்து போய் பழைய பேனாவைத் தேடினார். முப்பது பத்தியில் எழுதிவிட்டால் அதைப் படித்து முடிக்கவே கோடை வந்துவிடும் என்று கணக்குப் போட்டார். கேள்விக்கெல்லாம் பெரிய கேள்வியாக, ஒரு மலையையே எழுதி அவள் தலையில் வைத்துவிடலாம்.

அங்கேதான் அவர் சறுக்கினார். அவருக்கு ஒரு பலவீனம் உண்டு. வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் மழுப்புவார். காகிதத்தில் மழுப்பக் கை வராது. இவர் கையெழுத்தை நம்பித்தான் ஆயிரம் பேர் லிஃப்டில் ஏறுகிறார்கள், ஈரக்கையோடு சுவிட்சைத் தொடுகிறார்கள் என்று இளவயசிலேயே அவருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நல்ல பயம். அதனால் பேனாவைத் திறந்துவிட்டால் தெரிந்ததையெல்லாம், தெரிந்தபடி, தேவைக்கு மேல் ஒரு வரி இல்லாமல்தான் எழுதுவார்.

மூன்று நாள் எழுதினார். மலை பதினோரு பத்தியில் முடிந்துவிட்டது. சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் சரிவாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும். கம்பி துளைக்குள் நுழையுமுன் கீழே ஒரு தொங்கல் விட வேண்டும், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். கம்பியைக் குழாய்க்குள் விட வேண்டும், அணிலும் குரங்கும் கடிக்காது. தனி ஆர்சிசிபி வேண்டும், அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கி, லைன் அணைகிறதா என்று பார்க்க வேண்டும். சுருக்கமாக, அழகாக எழுதினார். அத்தனை நாளும் காருக்குப் போகக்கூட மறந்துவிட்டார். காந்திமதி வந்து 'சாப்பிட வாங்க' என்றபோது, "கதவத் தட்டிட்டு வரப்படாதா?" என்றார். அவள் வாசற்படிக்குத் திரும்பிப் போய்க் கதவைத் தட்டிவிட்டு வந்தாள்.

ஒன்பதாவது பத்திக்கு வந்ததும் பேனா தயங்கியது. முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரிந்த ஒரு விஷயம் பாக்கி இருந்தது. இரண்டு மாதமாக வாய் திறக்காத விஷயம். அதை எழுதாமல் கையெழுத்துப் போட்டால் அது அரைகுறை ரிப்போர்ட். அரைகுறை ரிப்போர்ட்டில் அவர் என்றைக்குமே கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு பெருமூச்சு விட்டு எழுதினார்.

'மேற்கண்ட எதையும்விடப் பத்திரமான வழி ஒன்று உண்டு. வீட்டு மின்சாரம் வெளியே போகவே வேண்டியதில்லை. அடாப்டரை உள்ளேயே வைத்துக்கொண்டு, பன்னிரண்டு வோல்ட் கம்பியை மட்டும் வெளியே கொண்டுபோகலாம். அதைத் தொட்டால் குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. வெளியே ப்ளக் பாயிண்ட், பெட்டி எதுவும் தேவைப்படாது.'

எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

காந்திமதி நின்றபடியே படித்தாள். ஒன்பதாவது பத்தியை இரண்டு தடவை படித்தாள். "ரொம்பச் சின்ன வேலையாத்தான் இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எலக்ட்ரீஷியன் சத்வீர் வந்தான். காந்திமதி பதினோரு பத்தியையும் ஹிந்தியில் எழுதி வைத்திருந்தாள். "தம்பி, இதுல இருக்கபடி. ஒண்ணு கொறையப்படாது, ஒண்ணு கூடப்படாது" என்று ஹிந்தியில் சொன்னாள். சத்வீர் படித்துவிட்டு, "வாஹ் பாபுஜி! இப்படி ஒரு காகிதம் கையில் கிடைத்தால் எங்களுக்கு மூளையே தேவையில்லையே" என்றான்.

மனிதர் நியாயமாக அந்த நேரத்தில் படுக்கையில் போய் முகத்தை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் தன் எழுத்து வேலையாக மாறுவதைப் பார்க்கிற சுகம் அவரை விடவில்லை. ஏணியைப் பிடித்தார். டார்ச் அடித்தார். துளை சரிவாக இல்லை என்று சொல்லி மறுபடி போடச் சொன்னார். கம்பித் தொங்கல் இன்னும் இரண்டு அங்குலம் இறங்க வேண்டும் என்று அளந்து காட்டினார்.

"இது போதும் பாபுஜி."

"போதாது. மழை பெஞ்சா நீ வந்து நிப்பியா?"

எல்லாம் இரண்டரை மணி நேரம். சத்வீர் சுவிட்சைப் போட்டான். பின்சுவரில் ஒரு சின்ன நீல விளக்கு எரிந்தது. காந்திமதியின் போனில் பின்கேட், தகரக் கூரை, சாம்பல் உறை எல்லாம் துல்லியமாக விரிந்தது.

"பிரமாதம்!" என்று கைதட்டிவிட்டார் பாலசுப்ரமணியம். தட்டிய கை அப்படியே நின்றது. அப்போதுதான் அவருக்கு தான் கேமராவுக்கு எதிர்க்கட்சி என்பது நினைவு வந்தது.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் நடந்தார். நிஜமாக. முதல் அரை கிலோமீட்டரில் குதிகால் வலித்தது. ஒரு கிலோமீட்டரில் ஷூ கடித்தது. பூங்காவில் ஸ்வெட்டர் போட்ட நாய் ஒன்று அவரைப் புது ஆள் என்று கண்டுபிடித்துக் குரைத்தது. பால் பூத்தில் உட்காரலாம் என்றால் அங்கே இருந்தவர், "என்ன சார், தில்லிக்குப் புதுசா?" என்று கேட்டார். நாற்பது நிமிஷம் கழித்து வீட்டுக்கு வந்து பெருமூச்சு விட்டார். இந்தத் தடவை அதற்காக முயற்சி எடுக்க வேண்டியிருக்கவில்லை.

"நடந்தீயளா?"

"நடந்தேன்."

"நல்லது."

பத்து நாள் இப்படிப் போயிற்று. ரத்தத்தில் சர்க்கரை இறங்கியது. டாக்டர் தட்டிக்கொடுத்தார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. நடக்கிறபோதெல்லாம் அந்தச் சாய்ந்த சீட்டும், உறை வழியாக வரும் மங்கல் வெளிச்சமுமே நினைவில் இருந்தது. இந்த ஊரில் கோடி பேர் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு இடம் இருக்கும் என்று யோசித்தார். தனக்கு இருந்ததைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தபடி இன்னொரு சுற்று நடந்தார்.

பதினோராவது நாள் மூளை விழித்துக்கொண்டது. சோதனைப் பொத்தான்! மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும் என்று எழுதியதே அவர்தான். வாரம் ஒருமுறை அமுக்கினால் சட்டமா தடுக்கும்? பாதுகாப்பு கூடத்தானே செய்யும்? அன்று ஐந்து மணிக்கு மப்ளரைச் சுற்றிக்கொண்டு முன்வாசலை அடைந்தார். சமையலறைப் பக்கம் சத்தமே இல்லை. போர்டைத் திறந்தார். கேமரா லைனுக்கென்று சத்வீர் தனியாக மாட்டிய ஆர்சிசிபியின் பொத்தானை அமுக்கினார். 'டக்.' பின்சுவர்க் கண் மூடியிருக்கும்.

வீட்டைச் சுற்றிப் பின்சந்துக்கு ஏறக்குறைய ஓடினார். நீல விளக்கு அணைந்திருந்தது. பின்கேட்டைச் சத்தமில்லாமல் திறந்தார். உறையின் ஓரத்தைத் தூக்கினார். குனிந்தார். கதவின் கைப்பிடியை ஆசையோடு இழுத்தார்.

பூட்டியிருந்தது.

கண்ணாடி கரகரவென்று நாலு விரல் அளவு இறங்கியது. உள்ளே டிரைவர் சீட் முழுசாகச் சாய்ந்திருந்தது. அதில் சால்வை போர்த்தி, காலை நீட்டி, மடியில் வறுத்த வேர்க்கடலையோடு காந்திமதி படுத்திருந்தாள்.

"நீ… இங்கன என்ன பண்ணுத?"

"சும்மா இருக்கேன்."

"எத்தன நாளா?"

"நீங்க நெசமா நடக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து. அதுக்கு முன்னால எடம் காலியா இல்லையே."

பாலசுப்ரமணியத்துக்கு உறைக்குள்ளேயே வியர்த்தது.

"உனக்குத் தெரியுமா?"

"நாலு கிலோமீட்டர் நடந்த ஷூவுல தில்லித் தூசி ஒரு சிட்டிகை இல்ல. கன்னத்துல சீட்டு உறையோட வரி. மொத வாரமே தெரியும்."

"அப்பம் கேட்டிருக்கலாம்ல?"

"கேக்குத வேல உங்களோடதுல்லா?" என்றாள். ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டாள். அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. "முப்பது வருஷம், காலையில ஒம்பதுலேர்ந்து சாயங்காலம் ஆறுவரைக்கும் வீடு எனக்குத்தான் இருந்தது. நீங்க ரிடையர் ஆன அன்னைக்கு உங்க ரூம் போச்சு. அன்னைக்கே என் வீடும் போச்சு. சாம்பார்ல உப்பு போட்டியா, கதவத் தாப்பா போட்டியா, ஃபேன எதுக்கு அணைச்ச. ஒரு நாளைக்கு எத்தன கேள்வி கேக்கீயன்னு எண்ணிப் பாத்திருக்கீயளா? நீங்க சாயங்காலம் இதுக்குள்ள வந்து படுத்துக்கிட்டீய. நான் எங்க போய்ப் படுக்க?"

இத்தனை நாளும் தன் அறை போனதைத்தான் அவர் துக்கப்பட்டார். அதே நாளில் இன்னொருத்திக்கும் ஒன்று பறிபோயிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தன்னால்தான் பறிபோயிற்று என்பது அதைவிடச் சங்கடமாக இருந்தது.

"அப்பம் இந்தக் கேமரா, பேட்டரி திருடு, அகல்யா…"

"திருடு நெசந்தான். நம்ம வண்டியில பேட்டரியே கெடையாதே, எதத் திருட? உங்கள நடக்க வைக்கணும். எனக்கு இந்த எடம் வேணும். ரெண்டுக்கும் ஒரு கேமரா போதும்னு அகல்யாதான் சொன்னா."

"அவளுக்கும் தெரியுமா!"

"அவட்ட நான் ஒளிக்கல. அஞ்சு மணிக்கு நான் கார்ல இருப்பேன், போன் பண்ணாதன்னு சொல்லிட்டேன். நீங்களும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா போர்வையும் தலகாணியும் குடுத்து அனுப்பியிருப்பேன்."

பின்சந்தில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். பாலசுப்ரமணியம் உறைக்குள் முதுகை வளைத்துக்கொண்டு நின்றார். ஒருகாலத்தில் அவருடைய அறைக் கதவுக்கு வெளியே மனுவோடு நின்றவர்களின் இடுப்பு எப்படி வலித்திருக்கும் என்று அவருக்கு இப்போது கொஞ்சம் தெரிந்தது.

"நானும்… அந்தப் பக்கத்து சீட்டுல… பேசாம…" என்று இழுத்தார்.

"பேசாம இருக்க உங்களால முடியாது."

"அப்பம் நான் எங்க போக?"

"வீடு முழுசும் காலியாத்தான கெடக்கு. போய் ராஜா மாதிரி இருங்க" என்றபடி காந்திமதி கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை மேலே ஏற்றத் தொடங்கினாள். முழுசாக மூடுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்தினாள். "அரிசி களைஞ்சு வச்சிருக்கேன், குக்கர ஏத்திருங்க. மூணு விசில். அணைக்கட்டுமா அணைக்கட்டுமான்னு கேட்டுக்கிட்டு இங்கன வராதீய."